கோவைக்காய் டிஷ்

அவரைக்காய் முடிந்தது, புடலங்காய் முடிந்தது, முருங்கைக்காயில் அறுபத்திரண்டாவது செல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள் தமயந்தி. நின்றுகொண்டிருந்தாள் என்றால் காலால் அல்ல, கண்ணால். கால் இரண்டும் ஸ்டூலின் வளையத்தில் தொங்கின, நெற்றி மைக்ராஸ்கோப்பில் சாய்ந்திருந்தது, வலது கை மட்டும் எண்ணும் பெட்டியின் இரண்டு பொத்தான்களின் மேல் தவம் கிடந்தது. தின்ற செல்லுக்கு வலது பொத்தான், தின்னாத செல்லுக்கு இடது பொத்தான். டிக். அறுபத்து மூன்று, தின்றது. தின்றதா, வயிறு புடைக்க நாலு ஈஸ்ட்டை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது பார், பந்தியில் முதல் ஆளாய் இடம் பிடித்தவன் மாதிரி. உள்ளே போன ஈஸ்ட் வெள்ளையாக இருக்கும், விழுங்கப்படாமல் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பது கடைசியில் ஊற்றிய சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். வெள்ளை என்றால் தின்றது, நீலம் என்றால் தின்னவில்லை, அவ்வளவுதான் சமாசாரம். இதைப் பார்த்து எண்ணுவதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று சித்தி ஒருதரம் கேட்டாள், ஆமாம் சித்தி, இதற்குத்தான். டிக். டிக். உடம்புக்குள் கிருமி வந்தால் ஓடிப்போய் விழுங்குகிற காவல்காரச் செல்கள் இவை, எலியிலிருந்து எடுத்து டிஷ்ஷில் வளர்த்தவை, கிருமிக்குப் பதில் இங்கே கொதிக்கவைத்த ஈஸ்ட். அந்த ஈஸ்ட்டும் வெளிநாட்டுச் சரக்கு ஒன்றும் இல்லை, அருப்புக்கோட்டையில் அப்பாவின் பேக்கரியிலிருந்து தாளில் மடித்து வந்தது. டிஷ்களுக்குக் காய்கறிப் பெயர், கூட ஆராய்ச்சி செய்யும் தோழி சபூரா வைத்தது. மருந்து ஊற்றியவளே எண்ணவும் செய்தால் கண் ஒரு பக்கமாய்ச் சாயும் என்பதால், ஊற்றி முடித்ததும் இன்னொருத்தி வந்து டிஷ்களின் மூடியில் பழைய பெயரை அழித்து வேறு பெயர் எழுதுவது இந்த லேபின் பழக்கம். மற்றவர்கள் ஏ, பி, சி என்று எழுதுவார்கள். சபூரா, "ஏ-ன்னு எழுதுனா இது மருந்து போடாததுன்னு மனசு தானா சொல்லும்டி, கோவைக்காயைப் பாத்து என்னத்தச் சொல்லும்?" என்று ஹாஸ்டல் மெஸ் பலகையில் அன்றைக்கு என்ன காயோ அதை எழுதுவாள். எது எது என்ற சீட்டு அவளுடைய டிபன் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில். நாலு டிஷ்ஷும் எண்ணி முடிக்கும்வரை ஸ்டூலை விட்டு எழக்கூடாது, யாரையும் எதையும் கேட்கக்கூடாது, எதையும் திறந்து பார்க்கக்கூடாது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சார் போட்ட சட்டம் அது. சார் சட்டம் போட்டார், சபூரா அதைத் தன் சொந்தச் சொத்து மாதிரிக் காவல் காத்தாள்.

எண்பத்தொன்று. இதுவும் தின்றது. ஆக அவரைக்காய் தின்றது, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. புடலங்காய் தின்னவில்லை, நூற்றுக்கு ஆறே ஆறு, மீதி அத்தனையும் ஈஸ்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தது திறந்தபடி நின்றன, விழுங்கத் தெரியவில்லை. அந்த அழகே தனி. எத்தனை தரம் பார்த்தாலும் தமயந்திக்கு அந்தத் திறந்த வாயைப் பார்த்தால் சிரிப்பு வரும், கல்யாண வீட்டில் லட்டைக் கடித்த நேரம் பார்த்து ஃபோட்டோ பிடித்துவிட்ட மாமா மாதிரி. வாயை மூட ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைமின் மேல் போய் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிற ஒரு பொருளைப் பூசணம் ஒன்று தயாரிக்கிறது. வோர்ட்மானின் என்று பெயர், வாயில் நுழையாத பெயர், அதனால் லேபில் எல்லாரும் அதைப் பூசணத்தார் என்பார்கள். பூசணத்தாரை மனுஷனுக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது, ஈரலைப் பிடித்துக்கொள்வார், அதற்கும் மேலே தண்ணீரில் கலந்த கொஞ்ச நேரத்தில் ஆவி போய்விடும் அவருக்கு. ஆனால் லேபில் அவர் ராஜா. வீடு மாறிப் போனால் எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்கு என்று ஒவ்வொன்றாய் அணைத்துத்தானே பார்க்கிறோம், அதே வேலைதான். இந்த என்சைமை அணை, எது நின்று போகிறது பார். அப்படி அணைத்து அணைத்துப் பார்த்துத்தான் இந்த என்சைம் எங்கெல்லாம் கை வைத்திருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. இதே என்சைமை அணைக்கிற, தண்ணீரில் சாகாத வேறு பொருள்களை உண்டாக்கிப் புற்றுநோய்க்கு மருந்தாய்க் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. தமயந்திக்கு வேண்டியது வேறு. சர்க்கரை அதிகமாய் இருக்கிற உடம்பில் இந்தக் காவல்காரர்கள் ஏன் மந்தமாய்த் தின்கிறார்கள் என்பது. அப்பாவின் கால் பெருவிரலில் ஒரு சின்னக் காயம், தகரத் தட்டு கிழித்தது, ஆறுவதற்குப் பதினோரு மாசம் எடுத்தது. பேக்கரிக்காரருக்குச் சர்க்கரை வந்தால் ஊரே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரித்தார், ஆனால் ராத்திரி கட்டு மாற்றும்போது சிரிக்கவில்லை. டிக். எண்பத்தெட்டு. அட, எண்பத்தெட்டா எண்பத்தொன்பதா? பெட்டியில் இருக்கிறது, எண்பத்தெட்டு, பெட்டி பொய் சொல்லாது, மண்டைதான் சொல்லும்.

அப்பாவுக்கு இன்றுவரை ஒரு விஷயம் ஜீரணமாகவில்லை. முப்பத்தைந்து வருஷமாய் அந்த மனுஷர் பூசணத்தோடு மல்லுக்கட்டுகிறார். மழைக்காலம் வந்தால் அலமாரிக்குச் சுண்ணாம்பு அடித்து, தட்டை வெயிலில் காயப்போட்டு, ஒரு பச்சைப் புள்ளி கண்ணில் பட்டால் ஒரு டிரே ரொட்டியையும் தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார். அவர் பெற்ற பெண் அதே பூசணத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு மதுரையில் உட்கார்ந்திருக்கிறாள். "உலகத்துல ஆராய்ச்சி பண்ண வேற சாமானே கெடைக்கலியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எம் பொண்ணு பூசணத்துல டாக்டர்" என்று பெருமையும் அடித்துக்கொள்வார். அதைக் கேட்டுப் பரோட்டாக் கடை ஆசாமி ஒருவர், கால் விரல் இடுக்கில் வந்த படையைக் காட்ட மதுரைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை அப்பா, கட்டுரை அச்சில் வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும், கொடுத்தால்தான் பட்டம் என்று எத்தனை தரம் சொன்னாலும், "வந்துரும் வந்துரும், அடுப்புல வச்சாச்சுல்ல" என்பார். அடுப்பில் வைத்து ஆறு வருஷம். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பி, அதைப் பத்திரிகைக்காரர்கள் அமர்த்திய மூன்று பேர் படித்துப் பார்த்து, முதல் ஆள் நன்று என்றார், இரண்டாம் ஆள் கமா போடச் சொன்னார், மூன்றாம் ஆள் மட்டும் முள்ளாய் ஒரு கேள்வி கேட்டார். முகம் தெரியாத, பேர் தெரியாத மூன்றாம் ஆள். உங்கள் செல்கள் விழுங்காமல் போனதற்குக் காரணம் அந்தப் பூசணப் பொருள்தானா, இல்லை அதைக் கரைத்த திரவமா, இல்லை தூளோடு ஒட்டி வந்த வேறு ஏதாவது அழுக்கா? திரவத்தை மட்டும் ஊற்றிக் காட்டலாம், அது லேசு. அழுக்கை எப்படித் தனியாய்க் காட்ட? சாரும் தலையைச் சொறிந்தார். திரவத்தையாவது காட்டுவோம், மிச்சத்துக்கு வழியில்லை என்று வணக்கம் போட்டு எழுதுவோம் என்று முடிவாயிற்று. பதில் நாளைக்குள் போக வேண்டும். மருந்தோ அந்தத் திரவத்தில் கரைத்து உறையவைத்தது, ஃப்ரீசரில் கடைசி இரண்டு டியூப், ஊற்றுகிற நேரத்தில்தான் தண்ணீரில் கலக்க வேண்டும், புதுசு வர ரெண்டு மாசம். காலையில் ஒரு முறை, முன்பகலில் ஒரு முறை, முறைக்கு ஒரு டியூப், முறைக்கு இரண்டு டிஷ், ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் திரவம். நூறு. முருங்கைக்காய் முடிந்தது. தின்றது தொண்ணூறு. ஆக இரண்டு தின்றாயிற்று, ஒன்று தின்னவில்லை, மிச்சமிருக்கும் கோவைக்காய் தின்னக்கூடாது. ரெண்டுக்கு ரெண்டு. வா கண்ணு கோவைக்காய், வாயைப் பொளந்துக்கிட்டு நில்லு.

டிஷ்ஷை மாற்றி வைத்துக் குமிழைத் திருகினாள். மங்கல், மங்கல், அப்புறம் பளிச்சென்று தெளிந்தது. முதல் செல் தின்றிருந்தது. சரி, நூற்றில் ஆறு தின்னத்தான் செய்யும், அந்த ஆறில் முதல் ஆள் இது. டிக். இரண்டாவதும் தின்றிருந்தது. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மூன்று வெள்ளை ஈஸ்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தாள், சுவரில் தீயணைப்பான் மாட்டியிருந்தது, அதன் மேல் பல்லி. மறுபடி கண்ணை வைத்தாள். எண்ணு. பயப்படாமல் எண்ணு. பன்னிரண்டு தின்றது, ஒன்று தின்னவில்லை. ஐயோ, இது என்னது? மூன்று டிஷ் தின்கிறது என்றால் அதில் ஒன்றில் மருந்து இருக்கிறது. மருந்து இருந்தும் தின்கிறது. அப்படியென்றால் இத்தனை நாள் தின்னாமல் நின்றதெல்லாம்? மூன்றாம் ஆள் சிரிக்கிறார். முகம் தெரியாதவருக்கு இப்போது முகம் வந்துவிட்டது, அவளுடைய பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் முகம், "நான்தான் சொன்னேனே" என்று. ஆறு வருஷம். டிக். சபூராவோடு சேர்ந்து தின்ற ஆறு வருஷத்துத் தயிர்சாதம். டிக். அப்பா, அடுப்பில் வைத்தது கருகிப்போயிற்று அப்பா. இருபது. இருபத்தொன்று. ஆனால் கொஞ்சம் இரு, இரு. காலையில் முதல் முறை சரியாகத்தானே போட்டேன், ஒன்பதரைக்கு. இரண்டாவது முறை பதினொன்றுக்கு. நடுவில் அப்பா ஃபோன் பண்ணினார். அங்கேதான் ஏதோ இருக்கிறது, செருப்புக்குள் கல் மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது.

அப்பா பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார். "பாப்பா, ரெண்டு டிரே போச்சு" என்றார் எடுத்ததும், குரலே சரியில்லை, இவள் பதறிப்போய்க் காலா, கையா என்று கேட்க, "ரொட்டி தாயி, ரொட்டி. முந்தாநாள் போட்டதுல பச்சை பூத்துருச்சு. நீதானே பூசணத்துக்குப் படிச்சவ, ஒரு வழி சொல்லு." இவள் ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு விசாரித்தாள். அலமாரி துடைத்தீர்களா, துடைத்தேன். தட்டு காய்ந்ததா, காய்ந்தது. "சூடு ஆறுன பெறகுதானே கவர்ல போட்டீங்க?" அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம்தான் கேட்டது. "அப்பா?" "லோடு ஏத்துற வண்டி வந்துருச்சு பாப்பா, அவன் ஆரன் அடிச்சுக்கிட்டே நின்னான், அதான்..." சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும், ஈரம் கண்டால் பூசணம் விடுமா. முப்பத்தைந்து வருஷம் தொழில் செய்தவருக்கு இது தெரியாதா? பிடித்தாள் ஒரு பிடி. அவசரப்பட்டா எப்படிப்பா, தெரிஞ்ச வேலைதானேன்னு நெனச்சா அங்கதான்பா கோட்டை விடுவோம், ஒவ்வொரு தரமும் புதுசாச் செய்யற மாதிரிச் செய்யணும்ப்பா என்று பதினைந்து நிமிஷம் அவள் பேச, அவர் "சரி தாயி, சரி தாயி" என்று கேட்டுக்கொண்டார். முப்பத்து நாலு தின்றது, மூன்று தின்னவில்லை. பேசி முடித்து, மனசெல்லாம் ரொட்டியாய் உள்ளே வந்து, மணி பதினொன்று, ஐயோ நேரமாயிற்று என்று கையுறையை மாட்டி, பிப்பெட்டை எடுத்து, டியூப்பை... எந்த டியூப்பை? ஃப்ரீசரிலிருந்து இரண்டாவது டியூப்பை எடுத்துப் புதிதாய்க் கலந்தேனா, இல்லை காலையில் கலந்து மிச்சம் வைத்தது ஸ்டாண்டில் நின்றதே, அதையே எடுத்து ஊற்றிவிட்டேனா? ஒன்பதரைக்குத் தண்ணீரில் கலந்தது. ஒன்றரை மணி நேரம். பூசணத்தாருக்கு அதற்குள் கருமாதியே முடிந்திருக்கும்.

ஞாபகப்படுத்திப் பார், தமயந்தி. ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் டியூப் கல்லாய் உறைந்திருக்கும், அந்தத் திரவம் அறைச் சூட்டில்கூடச் சோம்பேறித்தனமாய்த்தான் இளகும், உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் எப்போதும் இடது கையில் மூடிக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். காலையில் நின்றாள், அது நன்றாய் நினைவிருக்கிறது, கீழே தண்ணீர் கேன் வண்டி வந்து நின்றது, கேனை உருட்டினார்கள். இரண்டாவது தரம் நின்றேனா? நின்ற மாதிரியும் இருக்கிறது. அணில் ஒன்று ஏசி பெட்டியின் மேல் ஓடியது. ஆனால் அந்த அணில் அப்பாவோடு பேசும்போது பார்த்த அணிலாயிற்றே. இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், கை என்ன சொல்லும், பேசாமல் இருந்தது. ஜில்லிப்பு ஒரு தரமா, இரண்டு தரமா? நேற்றைய ஜில்லிப்பு, போன வாரத்து ஜில்லிப்பு, ஆறு வருஷத்து ஜில்லிப்பும் அந்த ஒரு கைக்குள்ளேதானே கிடக்கிறது, இன்றைக்குப் பதினொரு மணியை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுக்க? வாயில் பூண்டு ருசி வந்ததா? அந்தத் திரவம் ஒரு சொட்டுக் கையில் பட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் நாக்கில் பூண்டு தட்டும். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள், பூண்டு வந்தது, ஆனால் காலையில் தின்ற பூண்டு ஊறுகாய் என்று சபூரா சாட்சி சொல்வாள், அவள் கொண்டுவந்ததுதான். ஐம்பது. ஐம்பத்தொன்று. எழுந்து ஏழெட்டு அடி நடந்தால் ஃப்ரீசர். கதவைத் திறந்தால் போதும். இரண்டாவது டியூப் உள்ளே இருந்தால் நான் எடுக்கவில்லை, செத்த மருந்தைத்தான் ஊற்றியிருக்கிறேன், நான் முட்டாள். டியூப் இல்லை என்றால் நல்ல மருந்தைத்தான் ஊற்றியிருக்கிறேன், நான் கெட்டிக்காரி, செல்கள் நல்ல மருந்தையும் மீறித் தின்றிருக்கின்றன, என் ஆறு வருஷமும் தண்டம். கடவுளே, மீனாட்சித் தாயே, அருப்புக்கோட்டை எல்லைச் சாமிகளே, நான் முட்டாளாய் இருக்க வேண்டும். நான் வடிகட்டின முட்டாளாய் இருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அறிவைக் கொடு அறிவைக் கொடு என்று கும்பிட்டவள் இன்றைக்கு மாற்றிக் கேட்கிறாள் என்று சாமிக்கே குழப்பமாய் இருக்கும். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஸ்டூல் ஆடி, பார்த்துக்கொண்டிருந்த இடம் நகர்ந்துபோயிற்று. போச்சா! எந்த வரிசையில் இருந்தேன்? தெரியவில்லை. பொத்தானை எல்லாம் பூஜ்யத்துக்குத் திருப்பி, கோவைக்காயை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

எழுந்து போகவில்லை அவள். அதைச் சொல்லியாக வேண்டும். பார்க்கிறவர் யாரும் இல்லை, சார் இல்லை, சபூரா கீழே லைப்ரரியில், பல்லி யாரிடமும் சொல்லாது. ஆனால் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சாய்ந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். இப்போதே சாயப் பார்க்கிறது. இருபத்தேழாவது செல் பாதி விழுங்கிப் பாதி விழுங்காமல் நின்றது, ஈஸ்ட்டின் ஒரு ஓரம் வெளிர்நீலம். விரல் தானாக இடது பொத்தானுக்குப் போயிற்று, தின்னவில்லை என்று போடு, தின்னாதது ஒன்று கூடினால் உனக்குத்தானே நல்லது. ஏன் நல்லது? முட்டாளாய் இருந்தால் தின்ன வேண்டும், கெட்டிக்காரியாய் இருந்தால் தின்னக்கூடாது, இப்போது எனக்கு எது நல்லது என்றே தெரியவில்லையே, பிறகு இந்த விரல் யாருக்காக வேலை பார்க்கிறது? சீ, சும்மா இரு. காலையில் அப்பாவிடம் என்னமாய்ப் பேசினாய், ஒவ்வொரு தரமும் புதுசாய்ச் செய்யணும் என்று. அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் குமிழைத் திருகிப் பார்த்தாள், நீலம் ஓரத்தில் மட்டும் இல்லை, முழுக்க இருந்தது, சரி, தின்னவில்லை, டிக். நியாயமாய் வந்த டிக். நாற்பது, அறுபது, எண்பது. செல்கள் வஞ்சகம் இல்லாமல் தின்றிருந்தன. யார் வீட்டு ஈஸ்ட், எங்கள் வீட்டு ஈஸ்ட், நல்ல ஈஸ்ட் என்று ஒரு கட்டத்தில் அவளுக்குப் பெருமையாய்க்கூட இருந்தது. பயம் என்பது இவ்வளவு நேரமா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதுவும் எழுந்து கொஞ்சம் உலாவிவிட்டுத்தான் வரும் போலிருக்கிறது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. தின்றது தொண்ணூற்றொன்று, தின்னாதது ஒன்பது. நோட்டில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், மணியைப் போட்டாள், ஒன்று பத்து.

"முடிஞ்சுச்சா? எனக்குப் பசி கண்ணைக் கட்டுது" என்று டிபன் பையோடு சபூரா உள்ளே வந்தாள். தமயந்தி எழுந்தாள், கால் மரத்துப் போயிருந்தது, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே, "சீட்டை எடு, சீட்டை எடு, அப்புறம் தின்னலாம்" என்றாள். சபூரா தயிர்சாதத்தை வெளியே எடுத்து, ஊறுகாயை எடுத்து, கரண்டியை எடுத்து, உலகத்து நிதானத்தையெல்லாம் கூட்டிவைத்துக் கடைசியாய்ச் சீட்டை எடுத்துப் பிரித்தாள். "அவரை, காலைல வெறும் திரவம். புடலங்காய், காலைல மருந்து. முருங்கை, ரெண்டாவது முறை வெறும் திரவம். கோவைக்காய், ரெண்டாவது முறை மருந்து. என்னடி ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" கோவைக்காய் இரண்டாவது முறை. இரண்டாவது முறைதான். சந்தேகம் வந்த அதே முறை. தமயந்தி ஃப்ரீசருக்கு நொண்டினாள். ஏழெட்டு அடி, காலில் ஊசி ஊசியாய்க் குத்துகிறது, கதவைப் பிடித்து இழுத்தாள், பனி முகத்தில் அடித்தது, மூன்றாவது தட்டு, பச்சைப் பெட்டி, மூடியைத் திறந்தாள். பழுப்பு டியூப் ஒன்று, மூடியில் அவளுடைய கையெழுத்திலேயே இரண்டு என்று எழுதி, சமர்த்தாய் உட்கார்ந்திருந்தது. "நான் முட்டாளு சபூரா!" என்று கத்தினாள். "அடியே நான் முட்டாளு! வடிகட்டின முட்டாளு!" சபூரா கரண்டியோடு திகைத்து நின்றாள், ஆறு வருஷத்தில் அவள் ஒருதரமும் மறுக்காத விஷயம் இது, இதற்கு எதற்கு இந்தக் குதிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. தமயந்தி அவளைக் கட்டிப்பிடித்து விஷயத்தைச் சொன்னாள், அப்பா, ரொட்டி, ஃபோன், பழைய டியூப், செத்த மருந்து. "அட பாவி, அப்ப கோவைக்காய்க்கு ஊத்துனது ஒண்ணுமே இல்லாத தண்ணியா?" என்றாள் சபூரா.

ஒன்றுமே இல்லாததா? தமயந்தி கையில் டியூப்போடு நின்றுவிட்டாள். ஒன்றுமே இல்லாதது இல்லையே. அதே புட்டி, அதே தூள், அதே திரவம், அதே அளவு. தூளோடு அழுக்கு ஏதாவது ஒட்டி வந்திருந்தால் அந்த அழுக்கும் அதில் அப்படியேதான் இருந்திருக்கும். எல்லாம் இருந்தது, பூசணத்தாரின் உயிர் மட்டும் இல்லை. அவர் உயிரோடு இருந்த புடலங்காயில் ஆறு தின்றது, அவர் செத்துப்போன கோவைக்காயில் தொண்ணூற்றொன்று தின்றது. ஆக விழுங்க விடாமல் தடுத்தது திரவமும் இல்லை, அழுக்கும் இல்லை. தண்ணீரில் சாகிற ஒன்று. இங்கே தண்ணீரில் சாகிறவர் அவர் ஒருத்தர்தான். சாரும் அவளும் சபூராவும் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடிக்காத பதிலை, ரொட்டி நினைப்பில் கை தானாகப் போய் ஊற்றி வைத்திருக்கிறது. "மூணாம் ஆளு கேட்டாரே அழுக்கு, அழுக்குன்னு," என்று அவள் தொடங்கினாள், முடிக்கவேண்டி இருக்கவில்லை, சபூரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "இன்னொரு தரம் செஞ்சு காட்டணும், ஒரு தரம் ஆனா நம்பமாட்டாரு," என்றாள். அதற்குத்தான் டியூப் இருக்கிறதே, இதோ, இடது உள்ளங்கையில் ஜில்லென்று. பாதியை இப்போதே கலந்து ஒன்றரை மணி நேரம் சாகவிடலாம், பாதியை உயிரோடு ஊற்றலாம், வேண்டுமென்றே, தெரிந்தே, புதுசாய்ச் செய்கிற மாதிரி. நாளைக்குள் பதில் போய்விடும். அப்பா, அடுப்பில் வைத்தது கருகவில்லை அப்பா.

கதவில் சார் தலை நீட்டினார். ஞானதுரை சாருக்கு எப்போதும் ஒரே கேள்விதான், நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் கிடையாது. "என்னம்மா, தின்னுதா?" "தின்னுது சார்! தின்னக்கூடாததும் தின்னுது சார்!" என்றாள் தமயந்தி, முகமெல்லாம் பல்லாக. அவர் முகம் இருண்டது, "என்னம்மா சொல்றே?" என்று உள்ளே வந்தார், அவரிடம் நோட்டை நீட்டிவிட்டு, விளக்கம் சொல்லும் வேலையைச் சபூரா தலையில் கட்டிவிட்டு, இவள் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இடது கை டியூப்பை மூடியிருந்தது, அது இளக இன்னும் நேரம் இருந்தது. அப்பா ஒரே மணியில் எடுத்தார். "பாப்பா, நீ சொன்ன மாதிரியே ஆறவச்சுத்தான் போடுறேன், ஒரு மணி நேரமா ஒரு ரொட்டியக்கூடத் தொடலை, திட்டாதே." "திட்டலப்பா. நானும் இன்னிக்கு உங்களை மாதிரியே ஒரு வேலை பண்ணிட்டேன். அவசரத்துல, சூட்டோட." "எத்தனை டிரே போச்சு தாயி?" என்று கேட்டார் அப்பா, அவ்வளவு கரிசனமாய், தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி. "ஒண்ணுகூடப் போகலப்பா," என்றாள் தமயந்தி, "எல்லாம் நல்லாத் தின்னுச்சு."